முன்னுக்கு வெளிச்சம், பின்னுக்கு இருட்டு: காரின் பகல் லைற் பற்றி ஒரு கேள்வி

திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

வணக்கம். கார் வயரிங் தெரிந்தவர்கள் யாராவது விளங்கப்படுத்துங்கள்.

வீடு யாழ்ப்பாணத்தில், எனக்குக் கிளிநொச்சியில் வேலை. கிழமையில் மூன்று நாள் காரில் போய் வருவேன், மிச்ச நாள் ரயில். கார் 2018 மொடல், போன வருடம் பாவித்த காராக வாங்கியது. ஹெட்லைற்றுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு வெள்ளை எல்ஈடிக் கோடு இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் தானாக எரியும், நிற்பாட்டினால் அணையும். வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் மனைவிக்குக் காரே பிடித்தது. அதற்கு மேல் அதைப்பற்றி நான் யோசித்ததில்லை.

போன புதன்கிழமை வேலை முடிந்து வெளிக்கிட ஐந்தேகால். நவம்பர் மழை தெரியும்தானே, ஆனையிறவு வரவே வானம் கறுத்துவிட்டது. என் டாஷ்போர்ட் பளிச்சென்று எரிகிறது. முன்னால் போன பஸ்ஸின் பின் தகட்டில் என் வெள்ளைக் கோடு தெறிக்கிறது. ஆகவே லைற் எல்லாம் எரிகிறது என்ற நினைப்பில் போய்க்கொண்டிருந்தேன். இயக்கச்சி தாண்ட, மாடுகள் றோட்டைக் கடந்தன. காலை எடுத்து மெதுவாக்கினேன், பிரேக்கை மிதிக்கவில்லை. பின்னால் வந்த லொறி ஹோர்னை அமுக்கியபடியே வலப்பக்கம் வெட்டி, ஒரு முழ இடைவெளியில் தப்பிப் போனது. கை நடுக்கம் நிற்கப் பளை வந்துவிட்டது.

பளையில் தேத்தண்ணிக் கடை வாசலில் அதே லொறி. சண்டை பிடிக்கத்தான் இறங்கினேன். அந்த மனிசன் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பின்னுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. காரும் சாம்பல், மழையும் சாம்பல். நான் எதைப் பார்த்து பிரேக் பிடிக்கிறது?"

திரும்பிப் போய்ப் பார்த்தேன். முன்னுக்குக் கல்யாண வீடு, பின்னுக்குச் செத்த வீடு.

அங்கேயே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் திருகி ஹெட்லைற்றைப் போட்டேன். போட்டதும் அந்த வெள்ளைக் கோடு மங்கிவிட்டது. அது பழுதா? முன்னுக்கு எரியும்போது பின்னுக்கும் எரியாமல் எவன் இப்படி ஒரு சாமானைச் செய்தான்? இன்னொன்று, அப்பாவின் பழைய காருக்கும் இப்படி ஒரு எல்ஈடிப் பட்டி போடலாம் என்று ரவுணில் ஒரு கடையில் கேட்டேன். ஒட்டி, வயர் கொடுத்து 3500 ரூபாய் என்றார்கள். போடலாமா? இதற்குச் சட்டம் ஏதும் உண்டா, பொலிஸ் மறிப்பார்களா?


கொக்குவில் வயரிங் எழுதியது:

தம்பி, அந்த லொறிக்காரருக்கு ஒரு தேத்தண்ணியாவது வாங்கிக் கொடுத்தீர்களா?

நாற்பது வருடமாக எனக்குக் கார் வயரிங்தான் வேலை. தொழில் பழகியது மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும். அந்தக் கார்களில் கரண்ட் கொடுப்பது அல்டர்னேற்றர் இல்லை, டைனமோ. எஞ்சின் மெல்ல ஓடினால் அதன் கரண்ட் காணாது. சும்மா நிற்கும்போது ஹெட்லைற்றைப் போட்டால் டாஷில் சிவப்பு லைற் முழிக்கும், பற்றரி இறங்கத் தொடங்கும். பகலில் லைற்றைப் போட்டால் முதலாளி பிடரியில் தட்டுவார். அந்தக் கையால் இன்றைக்கு "பகலில் லைற் எரியட்டும்" என்று எழுதுகிறேன், பாருங்கள்.

முதலில் உங்கள் காரின் விஷயம். பழுது ஒன்றும் இல்லை. செய்தவன் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறான்.

அந்தக் கோட்டுக்கு டிஆர்எல் என்று பெயர், பகலில் ஓடும்போது எரியும் லைற். அது உங்களுக்குப் பாதை காட்டுவதற்கு இல்லை, மற்றவனுக்கு உங்களைக் காட்டுவதற்கு. மத்தியானம் ஆனையிறவு நேர் றோட்டில் நின்று பரந்தன் பக்கம் பாருங்கள். தார் கானலில் நெளியும். வெள்ளிக் கார் ஒன்று வந்தால் கிட்ட வரும்வரை அது காரா கானலா என்று சொல்ல ஏலாது. இரண்டு வெள்ளைப் புள்ளி எரிந்தால் அரை மைலிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸை முந்துவதா விடுவதா என்று பார்க்கிறவனுக்கு அந்தப் புள்ளி காணும். முன்னால் இருந்து வருகிறவனுக்காகச் செய்த சாமான் என்பதால் முன்னுக்கு மட்டும் எரிகிறது. பட்டப்பகலில் பின் லைற் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. பிழை தொடங்குவது பின்னேரம் ஐந்தரைக்கு.

மங்கியதும் பழுதில்லை. ஐரோப்பாவில் இந்த லைற்றுக்கென்றே ஐக்கிய நாடுகளின் 87ஆம் இலக்க விதியைக் கொண்டுவந்தார்கள். நேர் முன்னால் குறைந்தது 400 கண்டெலா, கூடியது 1200 கண்டெலா. ஒரு மெழுகுதிரி கிட்டத்தட்ட ஒரு கண்டெலா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலோடு போட்டி போட அவ்வளவு வேண்டும். ஆனால் ஹெட்லைற்றின் டிம்முக்கு மேல் விளிம்பு ஒன்று உண்டு, அதற்கு மேலே வெளிச்சம் ஏறாது. டிஆர்எல்லுக்கு அந்த விளிம்பு கிடையாது, எதிரில் வருகிறவனின் கண்ணுக்கு நேரே அடிக்கும். பகலில் அது பரவாயில்லை, இருட்டில் கண் கூசும். ஆகவே ஹெட்லைற் போட்டதும் டிஆர்எல் தானாக அணைய வேண்டும் என்பது விதி. உங்கள் காரில் அதே எல்ஈடிதான் இரவில் பார்க்கிங் லைற்றாகவும் வேலை செய்கிறது. பார்க்கிங் லைற்றுக்கு 4 கண்டெலாவே போதும், கூடினாலும் 140. அதனால்தான் மங்குகிறது.

மங்க வைப்பது வோல்ற்றைக் குறைத்து இல்லை. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடுவான். அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட எங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். போன் கமராவைப் பிடித்துப் பாருங்கள், மினுங்குவது பிடிபடும். இப்படித்தான் ஒருவர் போனில் பார்த்துவிட்டு "லைற் நடுங்குது, மாற்று" என்று என்னிடம் வந்தார். காசு வாங்காமல் திருப்பி அனுப்பினேன். அவருக்கு அதுவே சந்தேகமாகப் போய்விட்டது.

எல்ஈடிக்கு முந்திய காலத்தில் இதைப் பல்பில் செய்தார்கள். எனக்கு மிகப் பிடித்த வேலை அது. இரண்டு ஹைபீம் பல்பையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்துவிடுவார்கள். 12 வோல்ற் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ற் போகும். பாதி வோல்ற் என்றால் பாதி வெளிச்சம் என்று நினைப்பீர்கள். இல்லை, பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இழை மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கும். கண் கூசாது, பல்பும் நெடுநாள் கிடக்கும். ஒரு ரிலேயும் ஒரு முழ வயரும், அவ்வளவுதான்.

இனி அப்பாவின் கார். கடைக்காரர் சொன்ன 3500 ரூபாய்ப் பட்டியை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே மூன்று மூன்று எல்ஈடியாகத் தொடுத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் கரண்டை மட்டுப்படுத்த ஒரு சின்ன ரெசிஸ்ரர். மூன்று எல்ஈடிக்கும் சேர்த்து 9 வோல்ற் போக, 12 வோல்ற்றில் ரெசிஸ்ரருக்கு மிஞ்சுவது 3. ஆனால் எஞ்சின் ஓடும்போது பற்றரியில் இருப்பது 12 இல்லை, 14.4 வரை ஏறும். அப்போது மிஞ்சுவது 5.4. வோல்ற் கொஞ்சம் கூடியது போலத்தான் இருக்கும், எல்ஈடியில் ஓடும் கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதோடு எங்கள் வெயில், எங்கள் உப்புக் காற்று. ஆறு மாதத்தில் ஒவ்வொரு மூன்றாகச் செத்து, பல்லு விழுந்த கிழவன் மாதிரி நிற்கும்.

அதைவிடப் பெரிய குற்றம் வயர் கொடுக்கும் முறை. இக்னிஷன் வயரில் சும்மா கவ்விவிடுவார்கள். சாவி போட்டால் எரியும், இரவிலும் முழு வெளிச்சத்தோடு எரியும். போடுவதென்றால் கொன்ட்ரோலர் பெட்டியோடு வருவதை வாங்குங்கள். சிவப்பும் கறுப்பும் பியூஸ் வழியாகப் பற்றரிக்கு, மூன்றாவது மெல்லிய வயர் பார்க்கிங் லைற்றுக்கு. எஞ்சின் ஓடி வோல்ற் 13க்கு மேல் ஏறினால் தானாகப் போடும். பார்க்கிங் லைற்றுக்குக் கரண்ட் வந்தால் தானாக மங்கும் அல்லது அணையும். அந்த மூன்றாவது வயரைக் கொடுக்காமல் வெட்டிச் சுருட்டிவிடுகிறவர்கள் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஆர், எல் என்ற இரண்டு எழுத்தும் அச்சடித்திருந்தால் அந்த 87ஆம் விதிப்படி சோதித்த சாமான். போலியிலும் அச்சடிப்பான், அது வேறு கதை.

பொருத்தும் இடத்துக்கும் அளவு உண்டு. நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது, ஒன்றரை மீற்றருக்கு மேலே ஏறக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் 60 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். ஒரு வான்காரர் கிரில்லுக்கு நடுவிலே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லி நின்றார், வடிவாக இருக்குமாம். தூரத்தில் அது மோட்டார் சைக்கிள் மாதிரித் தெரியும், அதுக்கெண்டு ஒருவன் இடம் விட்டு வந்தால் உங்கள் வான் அவனுக்கு மேலே ஏறும் என்றேன். வேறு கராஜில் போய் ஒட்டிக்கொண்டார்.

சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி 7 முதல் புதிய மொடல் கார்களுக்கும் சின்ன வான்களுக்கும் கட்டாயம், லொறிக்கும் பஸ்ஸுக்கும் 2012 ஓகஸ்ட் முதல். எங்கள் நாட்டில் காருக்கு டிஆர்எல் கட்டாயம் இல்லை. இல்லாததற்கு ஒருவரும் மறிக்கமாட்டார்கள். மறிப்பது நீலம், சிவப்பு, மினுங்கிக் குதிக்கிறது, கண்ணைக் குத்துகிறது, இவைகளுக்குத்தான். வெள்ளையாக, அசையாமல், இரவில் அடங்கி எரிந்தால் பிரச்சினை வந்ததை நான் பார்க்கவில்லை.

ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2016 ஒக்டோபருக்கு முன் ஜப்பான் சட்டத்தில் டிஆர்எல்லுக்கு இடமே இல்லை. ஆகவே அதற்கு முந்திய ஜப்பான் கார்களில் புருவக் கோடு இருந்தாலும் அது வெறும் பார்க்கிங் லைற், சுவிச்சைப் போட்டால்தான் எரியும். "டிஆர்எல் வேலை செய்யேல்லை" என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். இல்லாத சாமான் எப்படி வேலை செய்யும்?

கடைசியாக ஒன்று. உங்கள் லைற் கைப்பிடியில், இருட்டினால் எல்லா லைற்றையும் தானாகப் போடும் ஓட்டோ என்று ஒரு இடம் இருக்கிறதா? இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.


ஸ்காபரோ குளிர் எழுதியது:

அண்ணை விளக்கமாகச் சொல்லிவிட்டார், நான் கனடாக் கதையை மட்டும் சொல்கிறேன். இங்கே 1989 டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம் செய்த கார் எல்லாவற்றுக்கும் பகல் லைற் கட்டாயம். பக்கத்து அமெரிக்காவில் இன்றைக்கும் கட்டாயம் இல்லை, போடலாம் என்ற அனுமதி மட்டும்தான், அதுவும் 1993இல் வந்தது.

உங்களுக்கு நடந்தது இங்கே 401 நெடுஞ்சாலையில் தினமும் நடந்த விஷயம். பனி தூறும், முன்னுக்குப் பிரகாசம், பின்னுக்கு ஒன்றுமில்லாமல் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போவார்கள். பேய்க் கார் என்றே பெயர். முந்தி டாஷ்போர்ட் இருட்டாக இருந்தால் ஓட்டுகிறவனுக்கே "ஐயோ, லைற் போடேல்லை" என்று உறைக்கும். இப்போது டாஷ் எல்லாம் ரிவி மாதிரி எந்நேரமும் எரிகிறது, அந்த நினைவூட்டல் போய்விட்டது. கடைசியில் 2021 செப்ரெம்பரில் விதியை மாற்றினார்கள். புதுக் கார் என்றால் பகல் லைற்றோடு பின் லைற்றும் எரிய வேண்டும், இல்லாவிட்டால் இருட்டும்போது எல்லா லைற்றும் தானாக வர வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் லைற் போடும்வரை டாஷ் இருட்டாகவே கிடக்க வேண்டும். மூன்றில் ஒன்று. முன்னுக்குக் கட்டாயம் வந்து முப்பது வருடத்துக்குப் பிறகுதான் பின்னுக்கு யோசித்திருக்கிறார்கள்.


பேபி சைக்கிள் எழுதியது:

எல்லாரும் கார்க்காரர் மாதிரிக் கதைக்கிறீர்கள். நான் மோட்டார் சைக்கிள். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் ஹெட்லைற் எந்நேரமும் எரிய வேண்டும் என்று சட்டம். அப்படி வந்த ஒரு ஸ்கூட்டர்தான் என்னுடையது, லைற் அணைக்கச் சுவிச்சே இல்லை. கோண்டாவிலில் இருந்து ரவுணுக்குப் போக முதல் ஆறு பேராவது கையைப் பொத்தித் திறந்து "லைற் எரியுது" என்று காட்டுவார்கள். முதல் மாதம் எல்லாருக்கும் தலையாட்டினேன். பிறகு ஒரு ஐயா சிக்னலில் பக்கத்தில் வந்து, "பிள்ளை, பற்றரி வீணாகும்" என்று சுவிச்சைத் தானே தேடினார்.

என் சந்தேகம் இதுதான். மோட்டார் சைக்கிள் சின்னது, அது தெரியட்டும் என்றுதான் அதற்கு லைற். இனிக் காரும் எரிந்தால் அந்த வெளிச்சக் கூட்டத்துக்குள் என்னை யார் பார்ப்பார்கள்? சைக்கிளில் ரியூஷன் போகிற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?


ஒஸ்லோ பனி எழுதியது:

தங்கச்சி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. ஒஸ்ரியாவில் 2005 நவம்பரில் பகலிலும் லைற் கட்டாயம் என்று கொண்டுவந்து, 2008 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதும் இதுதான்: கண் காரின் லைற்றுக்குப் போகிறது, நடந்து போகிறவனைத் தவறவிடுகிறது. பிறகு ஐரோப்பிய விதி வந்து புதுக் காரில் டிஆர்எல் தானாகவே எரிகிறது, அது வேறு விஷயம்.

நோர்வேயில் 1988 இலிருந்து எல்லாக் காருக்கும் பகலிலும் லைற். சுவீடன் 1977இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் இங்கே டிசம்பரில் பின்னேரம் மூன்றேகாலுக்குச் சூரியன் போய்விடும். இருக்கும் நேரத்திலும் காட்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்று கண்ணுக்குள் அடிக்கும். அந்த ஊருக்குச் செய்த சட்டத்தை அப்படியே யாழ்ப்பாணத்து உச்சி வெயிலுக்குக் கொண்டுவந்து அளக்க முடியாது. ரவுணுக்குள், சந்தை நேரத்தில், காருக்கு லைற் எரிந்து பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். நீங்கள் லொறியிடம் தப்பிய அந்த ஏ9 வீதி வேறு கதை.


கொக்குவில் வயரிங் எழுதியது:

ஒஸ்லோத் தம்பி சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். பாதிதான். சந்தைக்குள் வேண்டாம், சரி. ஆனால் எங்கள் ஒழுங்கைகளைப் பாருங்கள், இரண்டு பக்கமும் வேலி, மேலே மாமரமும் பலாவும். பத்து மணி வெயிலில் ஓட்டி வந்து திடீரென்று அந்த நிழலுக்குள் நுழைந்தால் கண் ஒரு கணம் குருடு. எதிரில் வரும் கறுத்த வானுக்கு லைற் இருந்தால் அந்தக் கணத்தில் தெரியும். எனக்கு இந்த வயதில் அது தேவைப்படுகிறது, இருபது வயதில் தேவைப்படவில்லை.

பிள்ளைக்கு: அந்த ஐயாவிடம் சொல்லுங்கள், மொரிஸ் மைனர் காலம் முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது அல்டர்னேற்றர்தான் கரண்ட் கொடுக்கிறது, பற்றரி இறங்காது. காரிலும் அப்படித்தான். எல்ஈடி டிஆர்எல் இரண்டும் சேர்ந்து பத்து இருபது வாட்ஸ்தான் எடுக்கும். டிம்மில் ஹெட்லைற்றைப் போட்டால் ஹலோஜன் பல்ப் இரண்டுக்கே 110 வாட்ஸ் போகும்.


திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

அண்ணை, கைப்பிடியில் ஓட்டோ இருக்கிறது. ஆனால் அது ஓட்டோவில் நிற்கவில்லை, நிற்பாட்டிய இடத்தில் நின்றது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு கராஜில் சேர்விஸுக்கு விட்டேன். லைற் சோதிக்கத் திருகிவிட்டு அப்படியே விட்டிருக்க வேண்டும். வாங்கிய நாள் முதல், அன்று பளையில் திருகும்வரை நான் அதில் கை வைத்ததே இல்லை, அப்படி ஒரு இடம் இருப்பதே உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இப்போது ஓட்டோவில் வைத்து, நேற்றுப் பின்னேரம் காரைப் பின்பக்கமாக மதிலுக்குக் கிட்ட விட்டுப் பார்த்தேன். ஆறு மணியாக முன்னமே டக்கென்று எல்லாம் எரிந்தது. மதிலில் இடப்பக்கம் மட்டும் சிவப்பு விழுகிறது, வலப்பக்கம் இல்லை. மகனை இறங்கிப் பார்க்கச் சொன்னேன், பிரேக் பிடித்தால் இரண்டும் எரிகிறதாம். லொறிக்காரர் வெட்டிப் போனது அந்த வலப்பக்கத்தால்தான். எவ்வளவு நாளாக அப்படி ஓடினேனோ.

அப்பாவின் காருக்குப் பட்டி வேண்டாம் என்று முடிவு. "எனக்கு எதுக்கு அலங்காரம், நான் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன்" என்கிறார்.


கொக்குவில் வயரிங் எழுதியது:

வலப்பக்கம் பிரேக் எரிகிறது, பின் லைற் எரியவில்லை என்றால் 21/5 பல்பில் சின்ன இழை அறுந்திருக்கும். ஒரே பல்புக்குள் இரண்டு இழை, 21 வாட்ஸ் பிரேக்குக்கு, 5 வாட்ஸ் பின் லைற்றுக்கு. கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், அறுந்தது தெரியும். புதிதைப் போடும்போது அடியில் உள்ள இரண்டு ஊசியும் ஒரே உயரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தலைகீழாகத் திணித்தால் உள்ளே போகாது, பலவந்தம் பண்ணினால் ஹோல்டர் உடையும். உடைந்தால் கொக்குவிலுக்கு வாருங்கள், சனிக்கிழமை மத்தியானம் வரை நிற்பேன்.